கழுத்தை வெட்டாத சாப்பர்

வணக்கம் சார்,

சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன் போன முறை வந்தபோது 1/12 அளவு சாப்பர் (வெட்டி மாற்றி முன்பக்கத்தை நீட்டிய மோட்டார் சைக்கிள்) பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டியில் போட்டிருந்த படத்தைவிட, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் நீளமாக இருந்தால்தான் சாப்பருக்கு அழகு என்று எனக்குத் தோன்றியது. கிட்டில், ஃபோர்க் செருகும் பிரேமின் கழுத்தடியிலிருந்து முன்சக்கரத்தின் அச்சு வரை 60 மி.மீ. இருந்தது. அதை எடுத்துவிட்டு, சைக்கிள் போக்ஸ் கம்பியை வெட்டி 80 மி.மீ.க்குச் செய்து மாட்டினேன். இப்போது வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. என் மகன், "அப்பா, இது வீலிங் அடிக்கிற வண்டியா?" என்று கேட்கிறான்.

விமான மாடல் செய்யும் நண்பர் ஒருவர், "பெட்டியில் வந்ததை மாற்றுவது கிட்டைக் கெடுப்பதுதான், உள்ளபடி கட்டு" என்கிறார். எனக்கோ இன்னும் மாற்ற ஆசை. உயரமான ஹேண்டில் பார், சீட்டுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் முதுகுக் கம்பி, டேங்கில் தீச்சுவாலை, ஹெட்லைட் மேல் ஒரு மண்டையோடு, இரண்டு பக்கமும் தோல் பை எல்லாம் வைக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். டேங்குக்கு மினுமினுப்பு நெயில் பாலிஷ் அடிக்கலாமா? குரோம் பாகங்கள் பசையில் ஒட்டவே மாட்டேன் என்கின்றன. போதாக்குறைக்கு, இடது பக்கக் கால்வைக்கும் கட்டை தொலைந்துவிட்டது.

அன்புடன்,
ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

உங்கள் மகன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். ஃபோர்க்கை நீட்டினீர்கள், கழுத்தை விட்டுவிட்டீர்கள். அவ்வளவுதான் தவறு. முதன்முதலாகச் சாப்பர் கட்டுகிற எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். நிஜ வண்டியில் செய்து பார்த்தவர்களும் உண்டு.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க், நம் மெக்கானிக்குகள் கோன் செட் என்று சொல்லும் இடத்தில், பிரேமின் கழுத்துக்குள் செருகி நிற்கிறது. அந்தக் கழுத்து செங்குத்திலிருந்து எத்தனை டிகிரி பின்னால் சாய்ந்திருக்கிறது என்பதுதான் ரேக். கம்பெனியிலிருந்து வருகிற பழைய ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிளில் இது 30 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். உங்கள் கிட்டிலும் அதே கோணம் என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரி சாய்வில் 60 மி.மீ. ஃபோர்க் தரும் உயரம் 52 மி.மீ. நீங்கள் 20 மி.மீ. கூட்டியதும் பிரேம் பின்சக்கரத்தின் அச்சைப் பிடித்துக்கொண்டு மேலே எழுந்துவிட்டது. தோராயமாகக் கணக்குப் போட்டால் 7 டிகிரி தூக்கல் வருகிறது. கேட்பதற்குக் கொஞ்சம்தான், ஆனால் இஞ்சினுக்கு அடியில் ஓடும் கீழ்க்குழாய் தரைக்குச் சமமாக இல்லாவிட்டால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். இஞ்சினும் சேர்ந்து மல்லாந்து கிடக்கும்.

அந்த 52 மி.மீ. உயரம் மாறவே கூடாது. உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு கழுத்தை 45 டிகிரிக்குச் சாய்த்தால் ஃபோர்க் 73.5 மி.மீ. இருக்க வேண்டும். அதாவது, நீங்கள் செய்திருப்பதில் ஆறரை மில்லிமீட்டர் அதிகம். 80 மி.மீ.தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கழுத்தை 50 டிகிரி வரை சாய்க்க வேண்டியிருக்கும். அதுவும் அமெரிக்காவில் ஓடியிருக்கிறது, ஆனால் அலமாரியில் இடம் பிடிக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 45-இல் நிறுத்துவேன். அதிலேயே முன்சக்கரம் 22 மி.மீ. முன்னால் போய்விடுகிறது. நிஜ அளவில் அது ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவு. சாப்பரின் அந்த இழுத்து நீட்டிய தோற்றம் ஃபோர்க்கின் நீளத்தைவிட இந்தக் கோணத்திலிருந்துதான் கிடைக்கிறது.

வெட்டப் பயப்படாதீர்கள். 1/12 அளவில் பிரேமின் மேல்குழாய் 3 மி.மீ. பருமன் இருந்தால் அதிகம். கழுத்துக்குப் பின்னால், மேலிருந்து கீழாக, ஒரு மெல்லிய ஆப்பு வடிவத்தை எடுக்க வேண்டும். 15 டிகிரி மாற்றத்துக்கு அந்த ஆப்பின் மேல்பக்க அகலம் 0.8 மி.மீ. மட்டுமே. மெல்லிய ரம்பம் தின்பதே அதில் பாதி. அப்புறம் இஞ்சினுக்கு முன்னால் இறங்கும் குழாய்களையும் கழுத்தடியில் துண்டித்து, கழுத்தை மெதுவாகப் பின்னால் சாய்த்தால் மேலே வாய் மூடும், கீழே இடைவெளி விழும். அந்த இடைவெளிக்கு, கிட்டின் பாகங்கள் ஒட்டி வருகிற மிச்சச் சட்டத்திலிருந்தே ஒரு துண்டு பிளாஸ்டிக்கை வெட்டி வையுங்கள். வெறும் பசையை நம்பாமல், இரண்டு பக்கமும் துளையிட்டு 0.8 மி.மீ. பித்தளைக் கம்பியை உள்ளே செருகுங்கள். மேலே ஃபெவிக்விக் ஒரு சொட்டு, அதன் மேல் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. அடுத்த நொடியே கல் மாதிரி இறுகிவிடும். பிறகு உப்புத்தாளில் தேய்த்தால் வெட்டின தடமே தெரியாது.

இதையெல்லாம் செய்வதற்கு முன், ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நேர்கோடு ஒன்று வரைந்துகொண்டு, பிரேமை அதன்மேல் களிமண்ணிலோ எம்சீலிலோ நிமிர்த்தி நிறுத்திவிடுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் முதல் சாப்பருக்குக் கழுத்தை வெட்டியபோது பக்கவாட்டில் மட்டும் பார்த்துக் கோணத்தைச் சரிசெய்தேன். பெயின்ட் எல்லாம் அடித்து முடித்து முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தது, சளி பிடித்த பிள்ளை மாதிரி. அது இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. பக்கவாட்டு மட்டும் தெரியும்படி வைத்திருக்கிறேன்.

அடுத்து போக்ஸ் கம்பி. அது 2 மி.மீ. பருமன், நிஜ அளவில் 24 மி.மீ. பழைய பெரிய ஹார்லியின் ஃபோர்க் குழாய் 41 மி.மீ. இருக்கும், அதாவது உங்கள் அளவில் 3.4 மி.மீ. அதனால்தான் உங்கள் வண்டி ஊசிக்காலில் நிற்பதாகத் தெரிகிறது. கம்பியை எறிய வேண்டாம், உள்தண்டாக இருக்கட்டும். வெளியே போட, பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியலைத் தேடுங்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பித்தளைக் குழாய்கள், மேலே பளபளவென்று முலாம். மூன்றரை மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு கணு நிச்சயம் கிடைக்கும். அறுக்கும்போது இடுக்கியில் வைத்து நசுக்காமல், தட்டையான மேசையில் பிளேடுக்கு அடியில் உருட்டி உருட்டி அறுங்கள்.

இப்போது உங்கள் நண்பரிடம் வருகிறேன். விமான மாடல்காரர்கள் அப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு படைப்பிரிவில் பறந்த விமானத்தை அவர்கள் அப்படியே மீட்டெடுக்கப் பார்க்கிறார்கள். அங்கே ஒரு ஆணி மாறினாலும் பிழைதான். சாப்பருக்கு அந்த மாதிரி மூலப்பிரதி எதுவும் கிடையாது. பெயரே வெட்டுவதிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் ராணுவத்துக்காகச் செய்த ஹார்லிகள் மலிவாக விற்பனைக்கு வந்தன. வாங்கியவர்கள் எடை குறைய வேண்டும் என்று முன் மட்கார்டைக் கழற்றி எறிந்தார்கள், பின் மட்கார்டைக் குட்டையாக நறுக்கினார்கள். அது பாப்பர். 1960களில் கலிஃபோர்னியாக்காரர்கள் பிரேமிலேயே கை வைத்தார்கள், கழுத்தைச் சாய்த்தார்கள், ஃபோர்க்கை நீட்டினார்கள். அது சாப்பர்.

நம் கிட் பெட்டிகளில் திரும்பத் திரும்ப வரும் அந்த உருவம் உலகம் முழுக்கப் பரவியது 1969-இல் வந்த ஈஸி ரைடர் படத்தால். டேங்கில் அமெரிக்கக் கொடி வரைந்த வண்டி. போலீஸ் ஓட்டிக் கழித்த ஹார்லிகளை ஏலத்தில் எடுத்துத்தான் அந்த வண்டிகளைச் செய்தார்கள். செய்தவர்கள் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரண்டு கறுப்பினத்தவர்கள். ஹார்டிக்கு லாஸ் ஏஞ்சலீஸின் தென்பகுதியில் பட்டறை. படத்தின் பெயர்ப் பட்டியலில் இருவர் பெயரும் இல்லை. மோட்டார் சைக்கிள் பிரியர்களுக்கே அந்தப் பெயர்கள் தெரியவரப் பல பத்தாண்டுகள் ஆயின. ஒரு போலீஸ் வண்டியிலிருந்து என்னவெல்லாம் கழற்றினால் அது அந்த வண்டி ஆகும் என்று அவர்கள் யோசித்ததைத்தான் நாம் பிளாஸ்டிக்கில் செய்துகொண்டிருக்கிறோம். பெட்டியில் உள்ளபடி சாப்பர் கட்டுவது எனக்கு எப்போதும் கொஞ்சம் வேடிக்கையாகத் தெரியும். கிட் தயாரித்தவர்களுக்கே இது தெரியும். அமெரிக்காவில் ஏஎம்டி கம்பெனி 1958-லேயே, சாதாரணமாகவோ பந்தய வண்டியாகவோ இஷ்டப்படி மாற்றியோ கட்டிக்கொள்ளலாம் என்று மூன்று வகைக்கும் பாகங்கள் போட்டுக் கார் கிட்களை விற்றது. நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். ஒப்புக்கொள்ள மாட்டார், பரவாயில்லை.

அதே காரணத்தால்தான் உங்கள் பட்டியலைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. உயரமான ஹேண்டில் பார், முதுகுக் கம்பி, தீச்சுவாலை, மண்டையோடு, தோல் பை. இதெல்லாம் ஏறினால் அது ஊர்வல வண்டி. 2000களின் தொடக்கத்தில் டிவி நிகழ்ச்சிகளுக்காகக் கட்டிய சாப்பர்கள் பலவும் இப்படித்தான் இருந்தன. சிலந்தி வலை, துப்பாக்கி, கழுகு என்று ஒட்டிக்கொண்டே போனார்கள். எனக்குப் பிடிக்கவில்லை, உங்களுக்குப் பிடிக்கலாம். ஆனால் முதலில் கழற்றிப் பாருங்கள். முன் மட்கார்டு, இண்டிகேட்டர், பக்கக் கண்ணாடியில் ஒன்று. முன் பிரேக்கையும் எடுத்துவிடலாம், அந்தக் கொடி வண்டிக்கே முன் பிரேக் கிடையாது. பிரேக் டிரம்மை அறுத்துவிட்டு நடுவில் மெல்லிய குடம் (ஹப்) மட்டும் வையுங்கள், முன்சக்கரம் காற்றில் மிதக்கிற மாதிரி இருக்கும். எல்லாம் எடுத்த பிறகும் வண்டி எதையாவது கேட்டால் ஒன்றே ஒன்று சேருங்கள். நானாக இருந்தால் முதுகுக் கம்பியை வைப்பேன், ஃபோர்க் முன்னால் போகிற கோணத்துக்குப் பின்னால் பதில் சொல்ல ஏதாவது வேண்டும். மண்டையோட்டை மகனிடம் கொடுத்துவிடுங்கள்.

நெயில் பாலிஷ். அதிலிருக்கும் கரைப்பான் வெறும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். என் டேங்க் ஒன்று அப்படித்தான் ஆரஞ்சுத் தோலாகிப் போனது. பிரைமர் அடித்த பிறகு அடித்தால் தப்பிக்கலாம். ஆனால் மினுமினுப்புத் துகளின் அளவுதான் பெரிய தொல்லை. கால் மில்லிமீட்டர் துகள் உங்கள் அளவில் 3 மி.மீ. டேங்கில் ஜிகினா ஒட்டிய மாதிரி இருக்கும். அதற்குப் பதில் வெள்ளி நிறத்தை வழவழப்பாக அடித்துக் காயவிட்டு, மேலே, மாடல் பெயின்ட் விற்கும் தமியா கம்பெனியின் எக்ஸ்-27 கிளியர் ரெட் மாதிரி ஒளி ஊடுருவும் நிறத்தை மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். நிஜ சாப்பர்களின் கேண்டி நிறமும் இந்த முறையில்தான் வருகிறது. ஒவ்வொரு பூச்சிலும் நிறம் அடர்ந்துகொண்டே போகும், எங்கே நிறுத்துவது என்பதைக் கிட்டின் மிச்சச் சட்டத்தில் அடித்துப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

குரோம் ஒட்டாததற்குக் காரணம் எளிது. பிளாஸ்டிக் பசை பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டும், முலாத்தை அதனால் உருக்க முடியாது. ஒட்டுகிற இடத்தில் மட்டும் கத்தி முனையால் சுரண்டிவிடுங்கள். மொத்தமாக எடுக்க வேண்டுமென்றால் துணி வெளுக்கும் ப்ளீச்சில் போட்டு வையுங்கள். முலாம் உண்மையில் அலுமினியம், கரைந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கழிவறை கழுவும் ஆசிட்டை அந்தப் பக்கமே கொண்டு வராதீர்கள், இரண்டும் சேர்ந்தால் விஷவாயு. பாகங்களைப் போட்ட பிறகு மறந்துபோய் வீட்டில் யாரும் அந்தக் கிண்ணத்தைச் சாக்கடையில் கொட்டிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு சைலன்சரை இழந்திருக்கிறேன்.

கால்வைக்கும் கட்டைக்குத் தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனா ரீஃபில் போதும். முனையின் பித்தளைப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து மண்ணெண்ணெயில் மையைக் கழுவிவிடுங்கள். சின்னப் படிகளாகக் கடைந்திருப்பதால் கால்கட்டையாக வைத்தால் செய்து வாங்கியது மாதிரியே தெரியும். ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றால் வலது பக்கத்தையும் எடுத்துவிட்டு இரண்டுக்கும் ரீஃபிலே போடுங்கள்.

பெயின்ட் அடிக்கும் முன் ஒரு படம் அனுப்புங்கள். பக்கவாட்டில் ஒன்று, முன்னாலிருந்து ஒன்று.