ஆரணிப் பட்டு கேட்டால் பாலியஸ்டர் வந்தது: கேள்வி பதில்

வேலூரில் பல வருஷமாக நுகர்வோர் வழக்குகளுக்கு மனு எழுதித் தருகிறேன். சோஷியல் மீடியா தொல்லைகள் பற்றி வந்த கேள்விகள் இவை.

இன்ஸ்டாவில் விளம்பரம் பார்த்து ஆரணிப் பட்டுக்கு 4,800 ரூபாய் ஜிபேயில் போட்டேன். வந்தது பாலியஸ்டர். கேட்டதும் பிளாக் பண்ணிட்டான். (குடியாத்தம்)

பஸ் ஏறினால் ஆரணி. அதைப் போனில் வாங்குவானேன் என்று கேட்க வாய் வருகிறது. சரி விடுங்கம்மா. முதலில் 1930-க்கு, அதாவது சைபர் மோசடி உதவி எண்ணுக்கு, போன் போடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு. அடுத்து 1915, நுகர்வோர் உதவி எண். விற்றவன் எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. வழக்குப் போடக் கெடு 2 வருஷம்.

சிக்கல் எங்கே என்றால், மனுவில் எதிர்மனுதாரர் முகவரி எழுத வேண்டும். உங்களிடம் இருப்பது ஒரு அக்கவுண்ட் பெயர் மட்டும்.

அப்போ இன்ஸ்டா மேலேயே கேஸ் போட்டால்? (காட்பாடி)

போடலாம் தம்பி, ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79-ஆம் பிரிவைக் காட்டி "நாங்கள் வெறும் தளம்தான்" என்பார்கள். ஆன்லைன் சந்தை நடத்துபவர்கள் விற்பவரின் பெயர், முகவரியைக் காட்டியே ஆக வேண்டும், நுகர்வோர் சட்டத்தின் கீழ் வந்த 2020 விதி அது. விளம்பரம் மட்டும் காட்டி, பணம் வெளியே கைமாறினால் அந்த விதிக்குள் கொண்டுவருவது கஷ்டம். காசு வாங்கி விளம்பரம் காட்டிய தளத்துக்கு, அதைக் கொடுத்த ஆள் யார் என்று தெரியாதா? பங்குச்சந்தை நிறுவனங்கள் கூகுள், மெட்டாவில் விளம்பரம் செய்ய, செபியிடம் பதிவான இமெயில், மொபைல் எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2025-இல் சொல்லிவிட்டது. ஷேருக்கு முடிந்தது சேலைக்கு ஏன் முடியாது? எனக்குக் கேட்டால், இந்த ஒரு விதி வந்தாலே என் மனுக்களில் பாதி குறையும்.

அக்கவுண்டை முடக்கிட்டாங்க, புகாருக்கு ஒழுங்கான பதிலே இல்லை. (சத்துவாச்சாரி)

2021 தகவல் தொழில்நுட்ப விதிப்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 24 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும். அவர் முடிவு சரியில்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே எழுதலாம். 2023-லிருந்து இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை.

ரீல்ஸில் ஒரு அக்கா சொன்ன எண்ணெயால் முடி கொட்டியது. (ராணிப்பேட்டை)

பொய் விளம்பரத்துக்கு அவருக்கும் 10 லட்சம் வரை அபராதம் உண்டு, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. விசாரித்துத்தான் சொன்னேன் என்று நிரூபித்தால் தப்பலாம். ரீலை ஸ்க்ரீன் ரெக்கார்ட் எடுத்து வையுங்கள், நாளைக்கே அழித்துவிடுவார்.

நான் இன்ஸ்டாவில் செருப்பு விக்கிறேன், பயமா இருக்குங்க. (ஆம்பூர்)

பில் கொடுங்கள், முகவரி போடுங்கள். சைஸ் சரியில்லையென்றால் மாற்றிக் கொடுங்கள்.