தலையாட்டி பொம்மைக்கு ஈரத்துணி ஆகாது

கேள்வி: ஷோகேஸில் தஞ்சாவூர் நாட்டிய பொம்மை, கர்நாடகத்துச் சென்னபட்டணா மரப் பொம்மைகள், குட்டிப் பித்தளை யானை எல்லாம் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தேன். நாட்டிய பொம்மையின் பாவாடைச் சாயம் துணியோடு வந்துவிட்டது, தலையும் முன்புபோல ஆடவில்லை. சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும், பதறாதீர்கள். உங்கள் பொம்மை காகிதக் கூழில் செய்ததாக இருக்கும். அதற்குத் தண்ணீர்தான் முதல் எதிரி. (இப்போது பிளாஸ்டிக்கிலும் வருகிறது, அதைத் தாராளமாகக் கழுவலாம், ஆனால் அது சாயம் விடாது.) தலை, உடம்பு, பாவாடை எல்லாம் தனித்தனித் துண்டுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கம்பியில் உட்கார்ந்திருக்கும், துண்டின் கனம் அது தொங்கும் இடத்துக்குக் கீழே இருப்பதால்தான் தட்டிவிட்டதும் ஆடி ஆடித் திரும்ப நிலைக்கு வருகிறது. ஈரத்தில் கூழ் கொஞ்சம் உப்பினாலோ, துடைக்கும்போது கம்பி வளைந்தாலோ உரசி நின்றுவிடும். மேலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி எடுத்து, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். கம்பி உட்காரும் குழியில் தூசி இருந்தால் சின்ன பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், வளைந்த கம்பியை விரலாலேயே மெதுவாக நிமிர்த்துங்கள். எண்ணெய் மட்டும் விடாதீர்கள், தூசி அப்பிக்கொள்ளும். சாயம் போன இடத்தில் அக்ரிலிக் பெயின்ட் தொட்டு வைக்கலாம், ஆனால் முகத்தில் கை வைக்காதீர்கள், கண் ஒரு நூல் தள்ளிப் போனாலும் பொம்மை வேறு ஆளாகிவிடும்! இனிமேல் தூசி தட்டக் காய்ந்த பிரஷ் போதும், நகர்த்தும்போது அடிப்பகுதியைப் பிடித்துத் தூக்குங்கள்.

சென்னபட்டணா பொம்மைகளில் மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு அரக்கை அழுத்துவார்கள், உரசுகிற சூட்டில் அது இளகி மரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஜன்னல் வெயிலிலும் சூடாகிற பல்பு பக்கத்திலும் வைக்காதீர்கள், துடைக்கக் காய்ந்த பருத்தித் துணி போதும்.

பித்தளை யானைக்கு நம் வீட்டுப் புளிதான், தேய்த்துக் கழுவி உடனே ஈரம் போகத் துடையுங்கள், இல்லாவிட்டால் திட்டுத் திட்டாகக் கறுக்கும். மேலே லாக்கர் பூச்சு (வார்னிஷ் மாதிரி பளபளப்புப் பூச்சு) இருந்தால் புளி வேண்டாம். எனக்கென்னவோ, மடிப்புகளில் இருக்கும் கறுப்பை அப்படியே விட்டால்தான் யானைக்கு அழகு.

அப்புறம், எந்தப் பொம்மையானாலும் சந்தேகமாக இருந்தால் ஈரப் பஞ்சால் அடிப்பக்கம் ஒரு ஓரத்தில் தொட்டுப் பாருங்கள், பஞ்சில் நிறம் ஏறினால் அதற்குத் தண்ணீர் கிடையாது.