கல்லைக் குடைந்து குடியிருந்தவை: கேள்வி பதில்

பழங்காலக் கடலடிப் பாறைகளில் உயிர்கள் போட்ட துளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கே: நண்டு வளை தோண்டுவது மாதிரிதானே இதுவும்?

இல்லை. நண்டு மணலை ஒதுக்கி வளை தோண்டுகிறது. இங்கே தரை ஏற்கெனவே கல். வித்தியாசம் தெரிய ஒரு கைலென்ஸ் போதும். துளையின் ஓரத்தை நிதானமாகப் பாருங்கள். பாறைக்குள் ஏதாவது சிப்பி ஓடு கிடந்து, துளை அதன் குறுக்கே போயிருந்தால், ஓடு கத்தியால் நறுக்கியதுபோல் நிற்கும். வளை என்றால் ஓடு ஒருபக்கம் தள்ளப்பட்டிருக்கும், இல்லாவிட்டால் வளை அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கும். நான் முதலில் தேடுவது அந்த நறுக்கிய ஓட்டைத்தான். அது கிடைத்துவிட்டால், அந்த உயிர் குடிவந்தபோதே தரை இறுகிவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். அதாவது அங்கே வண்டல் படிவது நின்றுபோய்க் கொஞ்ச காலம் ஆகியிருக்கிறது.

கே: மேலே எதுவும் மூடாமல், கடலடியிலேயே சேறு எப்படிக் கல்லாகும்?

கடல்நீரிலிருந்தே கால்சைட் என்ற சுண்ணாம்புத் தாது படிந்து துகள்களை சிமெண்ட் போல ஒட்டிவிடும். ஆர்டோவீசியன் (சுமார் 45 கோடி ஆண்டுக்கு முன்), ஜுராசிக் (டைனோசர்கள் இருந்த காலம்) காலக் கடல்நீர் இதற்கு ரொம்பத் தோது. அந்தக் காலக் கெட்டித்தரைகள், அதாவது கடலடியிலேயே இறுகிய தரைகள், நிறையக் கிடைப்பதற்கு அதுதான் காரணம்.

கே: நேரில் பார்க்க ஓர் இடம் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

இங்கிலாந்தில் சோமர்செட், ஃப்ரோம் ஊருக்குப் பக்கத்தில் டெட்பரி கேம்ப் பழைய கல்குவாரி. அங்கே சாய்ந்து கிடக்கும், ஜுராசிக்குக்கு வெகு முந்திய கார்பனிஃபெரஸ் காலச் சுண்ணாம்புப் பாறையை ஜுராசிக் கடல் மேசைபோல் மழித்து வைத்திருக்கிறது. அந்தச் சமதளத்தில் நடக்கலாம். காலடியில் பென்சில் முனை அளவுக்குச் சின்னத் துளைகள், நடுநடுவே பெரிய குழிகள், ஆங்காங்கே ஒட்டிய சிப்பிகள். கீழே இருக்கும் கல்லுக்கும் மேலே படிந்த ஜுராசிக் கல்லுக்கும் இடையே 15 கோடி ஆண்டுக்கு மேல் இடைவெளி. இது கடலடியிலேயே இறுகிய தரை அல்ல, கடல் ஏறி வந்தபோதே பழசாகிவிட்ட பாறை. அந்த நுணுக்கத்தை மறக்க வேண்டாம். இந்தப் பகுதியின் பாறை இடைவெளியைப் புவியியலாளர் ஹென்றி டி லா பீச் 1846-இல் விவரித்தார். பக்கத்து வாலிஸ் வேலில் இருக்கும் வெட்டுமுகத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அந்தப் பெரிய குழிகள் கூஜா வடிவம். சிலவற்றில் கழுத்தே இருக்காது, அடிக்குடம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். துளை போட்ட பிறகும் கடல் அந்தக் கல்லைத் தேய்த்திருக்கிறது.

கே: ட்ரைபனைட்டிஸ், காஸ்ட்ரோகீனோலைட்டிஸ் எல்லாம் பிராணிகளின் பெயரா?

துளைகளின் பெயர். குடியிருந்தவரைத் தெரியாவிட்டாலும் வீட்டுக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். ட்ரைபனைட்டிஸ் கிளை இல்லாத மெல்லிய குழாய், பெரும்பாலும் புழு வேலை. காஸ்ட்ரோகீனோலைட்டிஸ் கூஜா வடிவம்: வாய் சின்னது, வயிறு பெருசு. மட்டி குஞ்சாக நுழைந்து உள்ளேயே வளர்ந்துவிடும், அப்புறம் ஆயுளுக்கும் வெளியே வர முடியாது. என்டோபியா கடற்பஞ்சு குடைந்தது, அறை அறையாக ஒன்றோடொன்று இணைந்திருக்கும்.

கே: கல்லைத் தின்னவா துளைக்கின்றன?

பெரும்பாலும் இல்லை. பாதுகாப்பான வீடு, அவ்வளவுதான். சாப்பாடு தண்ணீரை வடிகட்டிக் கிடைக்கிறது. முறைகள்தான் வேறுவேறு. சில மட்டிகள் ஓட்டாலேயே அரம்போல் அராவும். லித்தோஃபாகா என்ற மட்டி சுண்ணாம்பைக் கரைக்கும் சுரப்பை விடும். அதன் ஓடும் சுண்ணாம்புதான், ஆனால் மேலே ஒரு தோல்படலம் காப்பாற்றுகிறது. இத்தாலியில் போட்ஸுவோலி ஊரின் ரோமானியத் தூண்களில் ஆள் உயரத்துக்கு மேலே இந்த மட்டித் துளைகள் பட்டையாக இருக்கின்றன. நிலம் கடலுக்குள் இறங்கி மறுபடி ஏறியதற்கு அதுவே சாட்சி.

விதிவிலக்கும் உண்டு. பிலிப்பைன்ஸின் அபதான் ஆற்றில் வாழும் லித்தோரிடோ என்ற புழுபோன்ற மட்டி நிஜமாகவே கல்லை விழுங்கி மணலாக வெளியேற்றுகிறது. 2019-இல்தான் அதை விவரித்தார்கள்.

கே: இந்தப் பழக்கம் எப்போது ஆரம்பித்தது?

கனடாவின் லாப்ரடாரில் ஆரம்பக் கேம்பிரியன் கால ஆர்க்கியோசயாத் (கடற்பஞ்சு போன்ற, அழிந்துபோன உயிர்) திட்டுகளிலேயே ட்ரைபனைட்டிஸ் இருக்கிறது, 50 கோடி ஆண்டுக்கு முன்பே. துளைகளில் வகைகள் பெருகியது ஆர்டோவீசியனில். அப்போதுதான் அமெரிக்காவின் சின்சினாட்டி வட்டாரத்தில் உண்டியல் வாய் போன்ற நீள்பிளவுத் துளை, பெட்ராக்ஸெஸ்டிஸ், வருகிறது. இதில் ஓர் அபூர்வம்: போட்ட மட்டியே துளைக்குள் சிக்கிக் கிடைத்திருக்கிறது. இப்படி ஆளும் வீடும் சேர்ந்து கிடைப்பது அதிகம் நடப்பதில்லை.

கே: அரியலூர்ப் பக்கம் ஏதாவது?

உண்டு தம்பி. கல்லங்குறிச்சி சுண்ணாம்புப் படிவில் வரும் தடித்த கிரிட்டேசியஸ் (ஜுராசிக்குக்கு அடுத்த காலம்) சிப்பி ஓடுகளில் குடைந்த துளைகள் இருக்கின்றன. தரை வேண்டாம், ஓடே தரை. கையில் கிடைத்தால் உள்பக்கத்தைத் திருப்பிப் பார். சிப்பி உயிரோடு இருந்தால் உள்ளிருந்து பூசித் துளையை அடைக்கப் பார்க்கும். உள்பக்கத்திலேயே துளை வாய் திறந்து கிடந்தால், சிப்பி செத்து ஓடு காலியான பிறகு வந்தவர் வேலையாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும்.