லோன் உங்க பேர்ல, பணம் அவர் தொழில்ல

சிஸ்டர், தையல் யூனிட்டுக்குன்னு உங்க பேர்ல எடுத்த லோன்ல பாதி வீட்டுக்காரர் தொழிலுக்குப் போயிடுச்சு, இப்ப லாபம் இல்லன்னதும் அவரே "உனக்கு பிசினஸ் வராது"ங்கறாருன்னு எழுதியிருக்கீங்க. உங்க திறமைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்க. இலங்கையில சிறுதொழில் பண்றவங்களுக்கு திருப்பித் தர வேண்டாத பணம் குடுத்துப் பாத்தாங்க, ஆண்களுக்கு லாபம் ஏறுச்சு, பெண்களுக்கு ஏறல, பொம்பளைங்களுக்கு தொழில் வரலன்னு சொல்ல அது வசதியாப் போச்சு, அப்புறம் 2019ல வந்த ஆய்வுல இந்தியா, கானா, இலங்கை டேட்டாவை அலசுனப்போதான் தெரிஞ்சுது, வீட்டுல இன்னொரு தொழில் இருந்தா அவங்க பணம் அங்க போயிடுது, அவங்க ஒருத்தர் மட்டும் தொழில் பண்ற வீட்டுல லாபம் நல்லாவே வந்திருக்கு.

உகாண்டாவுல லோனை கையில குடுக்காம பெண்ணோட தனி மொபைல் மணி அக்கவுண்ட்டுல (போன் நம்பர்லயே பணம் வெச்சுக்கற கணக்கு) போட்டாங்க, லாபம் சுமார் 15% கூடுச்சு. அதனால முதல்ல தனி அக்கவுண்ட், பின் நம்பர் உங்களோடயே இருக்கட்டும். பணத்தை பணமா வெச்சிருக்காம உடனே மெஷின், துணின்னு மாத்திடுங்க, யாராவது கேட்டா "எல்லாம் சரக்குல முடங்கியிருக்கு"ன்னு சொல்லிக்கலாம் (பொய்யும் இல்ல பாருங்க). ஏற்கனவே போனதை கடன்னு நோட்டுல எழுதி அவர்கிட்ட கையெழுத்து வாங்குங்க, சண்டையா இல்லாம கணக்கா. மிரட்டல், அடின்னு போற ஆளா இருந்தா மட்டும் இதுல இறங்காம முதல்ல நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சொல்லி வைங்க.