பெண் நாய்க்குக் கருத்தடை: சிறு துளை போதுமா, வயிற்றைத் திறக்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டு லாப்ரடார் பெண் நாய்க்கு இரண்டு வயது, எடை 27 கிலோ. சினைப்பருவம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. கருத்தடை செய்ய முடிவெடுத்திருக்கிறோம். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் வயிற்றைத் திறந்து செய்வதாகச் சொல்கிறார். இன்னொரு மருத்துவமனையில், சிறு துளை வழியே கேமராவை உள்ளே விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் செய்கிறார்கள். கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல். அந்தப் பணத்துக்குப் பலன் உண்டா? கருப்பையை எடுக்காமல் விட்டுவிடுவார்களாமே, அது சரியா?
— மதுரை வாசகி

பலன் உண்டு. ஆனால் தையல் சிறியதாக இருக்கும் என்பதற்காக மட்டும் அவ்வளவு பணம் கொடுக்க வேண்டாம். இந்த அறுவை சிகிச்சையில் வலி எங்கே பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிது.

கருத்தடையில் எடுக்க வேண்டியது கருமுட்டை உருவாகும் சினைப்பையை. நாயின் சினைப்பை சிறுநீரகத்தை ஒட்டி, முதுகுப் பக்கமாக, உறுதியான ஒரு நாரால் கட்டுண்டு கிடக்கிறது. வயிற்றைத் திறந்து செய்யும்போது சினைப்பையை வெளியே கொண்டுவந்தால்தான் இரத்தக்குழாயைக் கட்ட முடியும். அதற்காக விரலை உள்ளே விட்டு அந்த நாரைத் தேடிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தளர்த்த வேண்டும். நார் விடுபடும் நொடி விரல் நுனியில் தெரியும். மயக்கத்தில் இருக்கும் நாயின் இதயத்துடிப்பு அந்த நேரத்தில் சட்டென்று ஏறுவதைத் திரையில் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் நாயைப் போல நெஞ்சுக்கூடு ஆழமாகவும் உடலில் கொழுப்பு அதிகமாகவும் இருந்தால் இன்னும் கூடுதலாக இழுக்க நேரும்.

லேப்ராஸ்கோப்பியில் இந்த இழுப்பு இல்லை. சுமார் 5 மி.மீ. அளவில் இரண்டு அல்லது மூன்று துளைகள் இடுவோம். கரியமில வாயுவைச் செலுத்தினால் வயிறு கூடாரம் போல எழும்பும். நாயை ஒரு பக்கம் சாய்த்ததும் குடல் தானாகச் சரிந்து விலக, சினைப்பை திரையில் பெரிதாகத் தெரியும். வெப்பத்தால் இரத்தக்குழாயை மூடி வெட்டும் கருவியைக் கொண்டு, நாரை இருந்த இடத்திலேயே பார்த்து வெட்டிவிடலாம். வெளியே எடுக்கும்போது மட்டும் ஒரு துளையைச் சற்று அகலமாக்க வேண்டியிருக்கும். பெரிய நாய்கள் இந்த முறையில் விரைவாக எழுந்து நடப்பதற்கு, நாரை இழுக்காமல் வெட்டுவதே முக்கியக் காரணம்.

கருப்பையைப் பற்றி அஞ்ச வேண்டாம். கருப்பையில் சீழ் கோக்கும் நோய்க்கு வழிவகுப்பது சினைப்பையில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். இரண்டு சினைப்பைகளையும் மிச்சமின்றி எடுத்துவிட்டால் கருப்பை சுருங்கிவிடும். இளம், ஆரோக்கியமான நாயில் அதைத் தனியாக எடுக்கத் தேவையில்லை. சினைப்பையில் ஒரு துணுக்கு உள்ளே தங்கிவிட்டால்தான் தொல்லை.

கட்டணத்தைக் கேட்பதற்கு முன் மயக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். வயிற்றில் நிரப்பும் வாயு உதரவிதானத்தை அழுத்தும், கொஞ்சம் இரத்தத்திலும் கலக்கும். ஆகவே மூச்சுக்கு உதவும் கருவியும், வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவை அளக்கும் கருவியும், அறுவை சிகிச்சை முடியும்வரை மயக்கத்தை மட்டுமே கவனிக்கும் ஒருவரும் இருக்கிறார்களா? மருத்துவர் இதுவரை எத்தனை நாய்களுக்குச் செய்திருக்கிறார்? இரத்தக்கசிவு ஏற்பட்டால் உடனே வயிற்றைத் திறக்க ஆயத்தமாக இருக்கிறார்களா? இப்படிக் கேட்டால் நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். பதில்கள் நிறைவாக இல்லையென்றால் உங்கள் பழைய மருத்துவரிடமே செய்துகொள்ளுங்கள். நல்ல வலிநிவாரணியோடு, பழகிய கை சில சென்டிமீட்டர் மட்டுமே திறந்து செய்யும் கருத்தடை எவ்விதத்திலும் தாழ்ந்தது அல்ல. தெருநாய்களுக்கும் வயிற்றைத் திறந்துதான் கருத்தடை செய்கிறோம்.

வேறு சிலவற்றுக்கு இந்தக் கருவியை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். விதை கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட ஆண் நாய், கல்லீரலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டிய நாய் ஆகியவை அத்தகையவை. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு வளர்ப்பவர்கள், இரைப்பை முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அதை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைப்பதையும் கருத்தடையோடு சேர்த்தே செய்துகொள்ளலாம்.

சிகிச்சைக்குப் பிறகு ஒரு கண்டிப்பு தேவை. லேப்ராஸ்கோப்பி முடிந்த ஒரு லாப்ரடாரை, மூன்றாம் நாள் நன்றாக இருக்கிறதே என்று மொட்டை மாடியில் பந்து விளையாட விட்டுவிட்டார்கள். மாலையில் தொப்புளுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கத்தோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோலில் இருப்பது சிறு துளைதான், ஆனால் உள்ளே தசையும் ஆற வேண்டும். பத்து நாள் சங்கிலியில் பிடித்துத்தான் நடத்த வேண்டும். தையலை நக்காமல் தடுக்கும் கழுத்துக் கூம்பையும் கழற்றக் கூடாது.

இப்போதே தேதி வாங்காதீர்கள். சினைப்பருவம் முடிந்த உடனே சினைப்பைக்குச் செல்லும் இரத்தக்குழாய்கள் தடித்திருக்கும். இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள். அதற்குள் அது வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, பிறப்புறுப்பிலிருந்து சீழ் வடிந்தாலோ காத்திருக்கக் கூடாது; கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம். சீழ் வெளியே வராமல் உள்ளேயே தேங்குவதும் உண்டு, அது இன்னும் ஆபத்து. சீழ் கோத்த கருப்பையைப் பெரும்பாலும் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். அன்று உங்கள் வழக்கமான மருத்துவரிடமே, இரவானாலும் சரி, உடனே கொண்டுபோங்கள்.