சோடாப் போத்தலில் அசிட்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சாதாரணதரப் பரீட்சை எழுதிய 17 வயது மகன், யாழ்ப்பாண நகரில் பற்றரி திருத்தும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அங்கு அசிட்டைச் சோடாப் போத்தல்களில் ஊற்றி வைப்பதாகவும், பழைய அசிட்டைக் கிணற்றுக்குப் பக்கத்திலுள்ள குழியில் ஊற்றுவதாகவும் சொல்கிறான். அவனுடைய காற்சட்டைகளைத் தோய்த்து எடுத்தால் ஓட்டை ஓட்டையாக இருக்கின்றன. சட்டமெல்லாம் பெரிய தொழிற்சாலைகளுக்குத்தான் என்கிறார் முதலாளி. அது சரியா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: சரியல்ல. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி, வருமானத்துக்காகப் பொருள்களைச் செய்யும் அல்லது திருத்தும் ஓர் இடத்தில் ஆட்களை வைத்துக் கைவேலை செய்வித்தால் அதுவும் தொழிற்சாலைதான். இரண்டு பேர் வேலை செய்யும் கடை என்பது விலக்காகாது. விபத்தொன்றினால் தொழிலாளி 3 நாட்களுக்கு மேல் வழமையான வேலையைச் செய்ய முடியாமற்போனால், அதனைத் தொழில் திணைக்களத்துக்கு அறிவிப்பதும் முதலாளியின் கடமை.

உங்கள் மகனைப் பொறுத்தவரை அவனுடைய வயதே முதற் கேள்வி. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே 17 வயதில் வேலைக்குப் போவது குற்றமன்று. ஆனால் 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்துவதை ஒழுங்குவிதிகள் தடைசெய்கின்றன. நச்சு இரசாயனங்களுடன் புழங்கும் வேலை அவற்றுள் ஒன்று. பற்றரியைக் கழற்றும் வேலையிலிருந்து அவனை விலக்கி, கடையில் வேறு வேலை கொடுக்கும்படி கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

காற்சட்டையிலுள்ள ஓட்டைகளை இலேசாக எடுக்க வேண்டாம். கந்தக அமிலத் துளி பருத்தி நூலை அரித்துவிடும். துணி பார்வைக்கு நன்றாகவே இருக்கும், தோய்க்கும்போதுதான் அந்த இடம் பிய்ந்துபோகும். அந்தத் துளி கண்ணில் பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை முதலாளியும் யோசிக்க வேண்டும். ஆயினும் என்னை அதைவிடக் கவலைப்பட வைப்பது ஈயம். பற்றரித் தட்டுகளிலிருந்து உதிரும் ஈயத்தூள் உடுப்பிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும்; சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். வேலை உடுப்பைக் கடையிலேயே மாற்றச் சொல்லுங்கள், வீட்டில் தனியாகத் தோயுங்கள். கையை நன்றாகச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் அவன் உணவைத் தொடக் கூடாது. ஒருமுறை வைத்தியரிடம் கூட்டிச்சென்று, இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

சோடாப் போத்தல் விடயத்தில் விட்டுக்கொடுப்புக்கே இடமில்லை. தாகத்தோடு வருகிற ஒருவர் பெயர் ஒட்டாத போத்தலைத் தண்ணீர் என்று நினைத்துத் தூக்கிக் குடித்துவிடலாம். அசிட் தனது சொந்தக் கொள்கலனிலேயே, பெயரும் சிவப்பு விளிம்புச் சாய்சதுர அபாயக் குறியும் தெரியும்படி இருக்க வேண்டும். விற்பவரிடம் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்கலாம். 16 பகுதிகள் கொண்ட அந்தத் தாளில் 4 ஆம் பகுதி முதலுதவியையும், 8 ஆம் பகுதி அணிய வேண்டிய கையுறை, கண்ணாடி ஆகியவற்றையும் சொல்லும். அசிட்டை ஐதாக்கும்போது தண்ணீருக்குள் அசிட்டைச் சிறிது சிறிதாக விட வேண்டும். மாறிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிய பின்பே வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும்.

அந்தக் குழியோ அயலவர்கள் எல்லோருடைய பிரச்சினை. எங்கள் நிலத்துக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். அசிட் அதைக் கரைக்கும், அதோடு சேர்ந்து போகிற ஈயம் வெடிப்புகள் வழியே நிலத்தடி நீருக்குப் போய்ச்சேரும். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டில் கிணறு கெட்டால் மாற்றுக்கு எங்கே போவது? சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று 2019 இல் தீர்ப்பானதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆபத்தான கழிவுகளைச் சேர்ப்பதற்கும் அகற்றுவதற்கும் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். பழைய பற்றரிகளை அத்தகைய அனுமதிப்பத்திரம் உள்ளவரிடமே, அசிட்டைக் கொட்டாமல் முழுதாக, ஒப்படைக்க வேண்டும்.

முதலில் முதலாளியோடு பக்குவமாகப் பேசிப் பாருங்கள்; பல கடைகளில் இது அறியாமையால் நடப்பதே தவிரப் பொல்லாப்பினால் அல்ல. கேட்காவிட்டால் வேலை நிலைமை பற்றித் தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்திலும், குழி பற்றி மத்திய சுற்றாடல் அதிகாரசபையிலும் எழுத்தில் முறையிட்டு, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். மலசலகூடம் கழுவும் அசிட்டையும் வெளுக்கும் திரவத்தையும் சேர்த்து ஊற்றினால் கறை சீக்கிரம் போகும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிடப் பாரமானதால் சிறிய அறையின் தரையோடு தங்கிவிடும், நீங்களோ குனிந்துகொண்டுதான் தேய்ப்பீர்கள். தெரியாமல் கலந்துவிட்டால் வேறெதையும் அதன்மேல் ஊற்றாமல் உடனே வெளியே வந்து, பிறர் உள்ளே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறினால் 1990 க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். இருமல் அடங்கியது போலத் தோன்றினாலும் சில மணித்தியாலங்களின் பின் நுரையீரலில் நீர் கோக்கக்கூடும் என்பதால், அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.