பழைய ஃபியட் கூப்பே: தகரத்தைப் பார்த்து விலை பேசுங்கள்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்புக் கொட்டகையில் ஃபியட் 124 ஸ்போர்ட் கூப்பே ஒன்று பல வருடமாக நிற்கிறது. முன்னால் நான்கு ஹெட்லைட். "இன்ஜின் ஒண்ணும் ஆகலைங்க, பேட்டரி போட்டா ஓடும்" என்கிறார் உரிமையாளர். வாங்கலாமா? முதலில் எதைப் பார்ப்பது?
— வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: இன்ஜினை மறந்துவிட்டு முதலில் தகரத்தைப் பாருங்கள். இந்த வண்டியின் ட்வின்கேம் (வால்வுகளை இயக்க இரண்டு கேம் தண்டு உள்ள) இன்ஜினின் வடிவங்கள் பல ஃபியட், லான்சியா கார்களில் வந்தன. இதன் திறந்த கூரை வடிவமான 124 ஸ்பைடர் 1985 வரை உற்பத்தியில் இருந்தது. அதனால் பிஸ்டன், பேரிங், கேஸ்கெட், பெல்ட் எல்லாம் வெளிநாட்டு வியாபாரிகளிடம் இன்றும் கிடைக்கும். கூப்பேக்கு மட்டுமே உரிய கண்ணாடி, விளக்கு, குரோம் பட்டை, கதவுத் தகடு ஆகியவைதான் அகப்படாது. கூப்பே உற்பத்தி 1967ல் தொடங்கி 1975ல் முடிந்துவிட்டது. அதிலும் ஏசி, பிசி, சிசி என மூன்று வரிசை. இரண்டு ஹெட்லைட் என்றால் ஏசி. உங்களுடையது பிசி அல்லது சிசி. பின்விளக்கு படுத்தவாக்கில் இருந்தால் பிசி, நின்றவாக்கில் இருந்தால் 1972க்குப் பின் வந்த சிசி. ஒரு வரிசையின் விளக்கும் கிரில்லும் அடுத்த வரிசைக்குப் பொருந்தாது. எனவே வண்டியில் இல்லாத சாமான் ஒவ்வொன்றையும் எழுதிப் பட்டியல் போட்ட பிறகே விலை பேசுங்கள். ஓடாத இன்ஜினுக்காக விலை குறைக்கச் சொல்வதைவிட, உடைந்த ஒரு பின்விளக்குக்காகக் குறைக்கச் சொல்வது நியாயம்.

தகரத்தில் உயிர்நாடி முன்பக்க ஷாக் டவர். பானட்டைத் திறந்தால் இரு பக்கமும் ஷாக் அப்சார்பரின் மேல்முனை தெரியும் அந்த மேடைதான். ஸ்பிரிங்கின் சுமை முழுவதையும் அது தாங்குகிறது. சக்கரம் வீசும் சேறு உள்பக்கத்தில் ஒட்டி ஈரம் காயாமல் கிடக்க, இரண்டு அடுக்குத் தகடுகளுக்கு நடுவில் துரு பிடிக்கும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், கீழே புரையோடியிருக்கும். சக்கரத்தைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து, பழைய ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். நல்ல தகரம் "டிங்" என்று சொல்லும். "டப்" என்றால் பட்டியோ துருவோதான். டவர் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால் முன்சக்கரத்தின் மேல்பகுதியும் உள்ளே சாய்ந்து நிற்கும். அந்த நிலைக்குப் போன வண்டியை, சேசிஸ் அளந்து வெல்டிங் செய்யத் தெரிந்த ஆள் கைவசம் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அடுத்து கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' என்ற தகரச் சட்டம். ஜாக் போடும் இடத்தில் ஜாக் வைத்து ஒரு பக்கத்தை மெதுவாகத் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் நன்றாக மூடிய கதவு தூக்கியதும் இடித்தால் சில் பலமிழந்துவிட்டது. ஜாக் உள்ளே இறங்கினாலே பதில் தெரிந்துவிடும். மாந்தோப்பில் நின்ற வண்டி என்பதால் வைப்பருக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரத்தையும் பாருங்கள். சருகு அடைத்து மழைத்தண்ணீர் வடியாமல் நின்றால் கண்ணாடியின் அடிப்பகுதி, கதவுத் தூணின் அடி, முன் தரை எல்லாம் சேர்ந்தே போயிருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்க விடாத உரிமையாளரிடம் பேச்சைத் தொடராதீர்கள்.

வெல்டிங் முடிவானால் வரிசை முக்கியம். சில்லை வெட்டும் முன் கதவு இடைவெளிக்குக் குறுக்கே குழாய் வைத்துத் தற்காலிகமாக வெல்டு செய்ய வேண்டும். டவரைத் தொடும் முன் இரண்டு டவருக்கும் நடுவில் ஒரு கம்பி, சஸ்பென்ஷன் சுமையும் இறக்கியிருக்க வேண்டும். மூலைக்கு மூலை அளவெடுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே வெட்டுங்கள். இரண்டு பக்கச் சில்லையும் ஒரே நாளில் வெட்டிய வண்டி வாழைப்பழம் போல் வளைந்துவிடும், பிறகு எந்தக் கதவும் மூடாது.

கேள்வி: பேட்டரி போட்டு ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிறேன் என்கிறார். சரியென்று சொல்லலாமா?
— அதே வாசகர்

பதில்: வேண்டாம். இதில் பிடிவாதமாக இருங்கள். இரண்டு கேமையும் சுற்றுவது பல் வைத்த ரப்பர் பெல்ட். வருடக்கணக்கில் ஒரே வளைவில் நின்ற பெல்ட்டின் பல், செல்ஃப் அடித்த முதல் சுற்றிலேயே பிய்ந்து போகலாம். டைமிங் தவறினால் வால்வு வளையும். நல்ல ஹெட் (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பாகம்) ஒன்று அரை நிமிடத்தில் லேத்துக்குப் போகும்.

செய்ய வேண்டியது இது. நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் நட்டில் ஸ்பானர் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையில் மட்டும் கையால் மெல்லத் தள்ளுங்கள். அசைந்தால் போதும், நிறுத்திவிடுங்கள். அசையாவிட்டால் பலம் காட்டாமல் இன்னும் ஊறவிடுங்கள். கியரில் போட்டு டிராக்டரில் கட்டி இழுப்பது வேண்டவே வேண்டாம். ரிங் உடையும்.

வாங்கிய பிறகு முதல் வேலை பெல்ட், டென்ஷனர் பேரிங் இரண்டையும் சேர்த்து மாற்றுவது. கிராங்க், இரண்டு கேம் புல்லி ஆகியவற்றின் குறிகளோடு அதே பெல்ட் சுற்றும் துணைத் தண்டின் புல்லிக் குறியையும் சரியாக வையுங்கள். ஆயில் பம்ப்தானே அதில் ஓடுகிறது, தண்டு எப்படி நின்றாலும் பரவாயில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தண்டில் பெட்ரோல் பம்பை இயக்கும் மேடு ஒன்று உண்டு. தண்டு இடம் மாறி நின்றால் அந்த மேடு கனெக்டிங் ராடில் இடிக்க வாய்ப்பிருக்கிறது. பெல்ட் மாட்டியதும் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகளை மறுபடி பார்த்த பிறகே செல்ஃப். கம்ப்ரஷன் டெஸ்டும் அதற்குப் பிறகுதான்.

கேள்வி: வண்டியின் ஆர்சி பழைய பெங்களூரு பதிவு, காகிதப் புத்தகம். ஓசூரில் என் பெயருக்கு மாற்ற முடியுமா?
— வாசகர், ஓசூர்

பதில்: முடியும், ஆனால் முன்பணம் கொடுக்கும் முன் மூன்று பொருத்தம் பாருங்கள்: புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண், பாடியில் அடித்திருக்கும் எண், பானட்டுக்குக் கீழே உள்ள தகட்டு எண். இன்ஜின் எண்ணையும் பாருங்கள். எண் சுரண்டப்பட்டோ, தகடு புது ரிவிட்டில் நின்றோ இருந்தால் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பிறகு வண்டியின் பதிவு எண் மத்திய அரசின் 'வாகன்' இணையதளத்தில் ஏறியிருக்கிறதா என்று தேடுங்கள். ஏறாத பழைய பதிவை, முதலில் பதிவான கர்நாடக ஆர்டிஓவில்தான் கணினியில் ஏற்ற வேண்டும். அதை விற்பவரே செய்து தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அங்கிருந்து படிவம் 28ல் தடையில்லாச் சான்று, இங்கே பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, தமிழ்நாட்டுச் சாலை வரி, எஃப்சி என்று வேலை நகரும். ஓசூர் என்றால் டிஎன் 70, கிருஷ்ணகிரி என்றால் டிஎன் 24. உங்கள் முகவரி எந்த எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் போக வேண்டும்.

முதல் பதிவு முடிந்து 50 வருடம் ஆகியிருந்தால், 2021ல் வந்த மத்திய விதிப்படி விண்டேஜ் வாகனமாகவும் பதியலாம். எண்ணில் 'விஏ' எழுத்து வரும். புதுப் பதிவுக் கட்டணம் ரூ.20,000, செல்லுபடி 10 வருடம். கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ராயக்கோட்டை ரோட்டில் ஓட்டிப் பார்க்கும் ஆசை இருந்தால், பழைய பதிவையே உயிரோடு வைத்திருப்பது நல்லது.

கேள்வி: இந்த இன்ஜினுக்குச் செலவு செய்வதற்குப் பதில் மாருதி இன்ஜின் வைத்தால் என்ன?
— வாசகர், பாலக்கோடு

பதில்: செய்யாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி அனுமதியில்லாமல் இன்ஜின் மாற்றினால் ஆர்சிக்கே சிக்கல். மூல வடிவம் மாறிய வண்டிக்கு விண்டேஜ் பதிவும் கிடைக்காது. அதைவிட, பொறியாளர் ஆரேலியோ லாம்பிரெடி வடிவமைத்த அந்த இன்ஜினுக்காகத்தான் இந்தக் காரை உலகம் தேடுகிறது.

கேள்வி: எங்கள் ஊர் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றலாமா? பழைய மெக்கானிக் "பத்மினிக்கு அதுதான் ஊத்துனோம்" என்கிறார்.
— வாசகர், தர்மபுரி

பதில்: கூடாது. நம் மாவட்டத்து நிலத்தடி நீர் உப்பும் கடினத்தன்மையும் நிறைந்தது. இந்த இன்ஜினின் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். உப்புத் தண்ணீர் நடுவில் ஓடினால் அரிப்பது அலுமினியத்தைத்தான். ஹெட்டைக் கழற்றினால் தண்ணீர்த் துவாரங்களைச் சுற்றி எலி கடித்தது போல் குழி இருக்கும், அங்கே கேஸ்கெட் பிடிக்காது. சிறிய குழியை டிக் வெல்டிங்கில் நிரப்பி, மேற்பரப்பை மெல்லச் சீவி 'ஸ்கிம்' செய்யலாம். ஓசூரில் இதைச் செய்யும் லேத்துகள் உண்டு. நேர்க்கோல் வைத்து ஃபீலர் கேஜால் அளந்து, வளைவு 0.05 மி.மீ.க்கு மேல் போனால் ஸ்கிம் அவசியம். ஆனால் தேவைக்கு மேல் ஒரு தூசு கூடச் சீவ விடாதீர்கள். பிறகு அலுமினியத்துக்கு ஏற்ற கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கேள்வி: பிரேக், பெட்ரோல் லைனில் என்னென்ன மாற்ற வேண்டும்? சேலம் போய்வர தொப்பூர் கணவாய் இறங்க வேண்டியிருக்கும்.
— வாசகர், நல்லம்பள்ளி

பதில்: நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் என்பதால் பத்மினியின் டிரம் சாமான் எதுவும் உதவாது. நின்ற வண்டியில் நான்கு காலிபர் பிஸ்டனும் துருவேறி இறுகியிருக்கும். பின் காலிபருக்குள்ளேயே ஹேண்ட் பிரேக்கும் இருப்பதால் பின்னால்தான் தொந்தரவு அதிகம். காலிபர் சீல், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், துருப்பிடித்த இரும்புக் குழாய் எல்லாம் புதிதாகட்டும், டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றுங்கள். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதித்த காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரம் சூடாகவே இருந்தால் சந்தேகம் அங்கேதான். தொப்பூர் இறக்கத்தில் அந்தச் சூட்டில் ஆயில் கொதித்தால் பெடல் நேரே தரைக்குப் போகும். சோதனை ஓட்டம் முதலில் சமதளத்தில், பிறகு லாரி குறைவான நேரத்தில் கணவாய். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் கடைசி இரண்டும் வருடம். ஆறு வருடம் தாண்டியிருந்தால், பட்டன் தேயாவிட்டாலும் மாற்றுங்கள்.

பங்கில் இப்போது வருவது பெரும்பாலும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயஃப்ரமும் அதில் ஊறிக் கரையும். எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டு, டாங்கைக் கழுவி, கண்ணாடி ஃபில்டர் ஒன்று வையுங்கள். எத்தனால் கலவை கொஞ்சம் லீனாக (காற்று மிகுந்து எரிபொருள் குறைந்து) எரியும் என்பதால் பிளக் வெளுத்து வந்தால் வெபர் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை (பெட்ரோல் பாயும் துளை) ஒரு சைஸ் கூட்டுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டர் பெட்ரோலை வடித்துவிடுங்கள், எத்தனால் இழுத்த ஈரம் முதலில் மிதவைக் கிண்ணத்தின் அடியில்தான் வெள்ளையாகப் பூக்கும்.